நாம்தேவ் தசால்: கலகத்துக்கும் நெருக்கடிநிலைக்கும் நடுவே

நாம்தேவ் தசாலைப் பற்றிப் பேசும்போது நம்ம தோழர்கள் 'கோல்பிட்டா' தொகுப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். அவரைப் பிடிக்காதவர்களோ 'இந்திராவைப் பாடினவன்தானே' என்று ஒரே போடாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். இரண்டுமே சௌகரியமான வாசிப்புகள். 1972இலிருந்து 1976க்குள் நடந்ததை இரண்டுமே தாண்டிப் போகின்றன.

1949இல் புனே பக்கத்துக் கிராமமொன்றில் மகர் குடும்பத்தில் பிறந்தவர் தசால். அப்பாவுக்கு பம்பாயில் இறைச்சிக் கடையில் கூலி வேலை. பையன் வளர்ந்தது காமாட்டிபுராவை ஒட்டிய சந்துகளில். டாக்சி ஓட்டிப் பிழைத்தார். 1972இல் வந்த முதல் தொகுப்புக்கு அந்தப் பகுதியின் பெயரையே வைத்தார். முன்னுரை எழுதிய நாடகாசிரியர் விஜய் டெண்டுல்கர், இதில் பல சொற்கள் தனக்கு விளங்கவில்லை என்று வெளிப்படையாகவே எழுதினார். மராத்தி இலக்கியம் எந்தத் தெருவில் கால் வைத்ததே இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டு ராஜா தாலே, ஜெ.வி. பவார் ஆகியோரோடு சேர்ந்து தலித் பேந்தர் அமைப்பைத் தொடங்கினார். பெயர் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளிடமிருந்து வந்தது. கோபத்துக்கு ஆதாரம் இங்கேயே கிடந்தது. நம்ம தென்னார்க்காட்டு இளையபெருமாள் தலைமையிலான குழு 1969இல் கொடுத்த அறிக்கை, தீண்டாமைக் கொடுமைகளை இந்தியா முழுக்கத் திரட்டி வைத்திருந்தது. அந்த அறிக்கை பம்பாய் இளைஞர்களை உலுக்கியது.

1974 ஜனவரியில் வொர்லியில் சிறுத்தைகளின் கூட்டம் தாக்கப்பட்டது. கலவரம் மூண்டது. அடுத்து நடந்த ஊர்வலத்தில் பகவத் ஜாதவ் கல்லடிபட்டுச் செத்தார். சிவசேனையும் போலீசும் ஒரே பக்கம் நின்றன. சிறுத்தைகள்மேல் வழக்குமேல் வழக்கு விழுந்தது. அதே ஆண்டு அமைப்பும் உடைந்தது. நிலமற்ற கூலிகள், தொழிலாளர்கள், பெண்கள் எல்லாரும் தலித்துகளே என்றது 1973 அறிக்கை. தசால் அதன் பக்கம் நின்றார். இது கம்யூனிசம், பௌத்தத்துக்கு எதிரானது என்றார் தாலே. வெளியே வழக்கு, உள்ளே வெட்டுக்குத்து. கவிஞன் தனியாளானான்.

1975 ஜூனில் நெருக்கடிநிலை வந்தது. எதிரணியில் ஜனசங்கமும் ஆர்.எஸ்.எஸ்.ஸும் இருந்தன. இந்திராவின் இருபது அம்சத் திட்டமோ கொத்தடிமை ஒழிப்பையும் நிலப் பங்கீட்டையும் பேசியது. சேரிக்காரனுக்கு எந்தப் பக்கம் நம்பிக்கை வரும்? இந்தக் கேள்வியைக் கேட்காமல் தசாலைத் திட்டுவது சுலபம். ஆனால் கேட்டுவிட்டதாலேயே அவர் செய்தது நியாயம் ஆகிவிடாது. சிறையும் தணிக்கையும் நடந்துகொண்டிருந்த 1976இல் இந்திராவைப் போற்றி 'பிரியதர்ஷினி' என்று ஒரு நூலே கொண்டுவந்தார். பிற்காலத்தில், தன் ஆட்களைத் தாக்கிய சிவசேனையின் மேடையிலேயே ஏறினார். அமைப்பு உடைந்து தனியாகிப்போன கலகக்காரனை அதிகாரம் தோளில் கை போட்டு அழைத்துக்கொள்ளும். அவனும் போய்விடுவான்.

இன்னொரு சாட்சியும் உண்டு. ஷாகிர் அமர் ஷேக்கின் மகள் மல்லிகா அமர் ஷேக், தசாலின் மனைவி, தானும் கவிஞர். 1984இல் வந்த தன்வரலாற்றில் அந்த வீட்டுக்குள் பட்ட அடியையும் தனிமையையும் எழுதினார். பாலியல் தொழிலாளிப் பெண்களின் வலியைக் கவிதையில் எழுதினவரின் வீட்டுக் கதை அது. 'குடும்ப விஷயம்' என்று அதை ஒதுக்குபவர்கள், தலித் அரசியலிலிருந்து பெண்ணை ஒதுக்குகிறார்கள்.

1977இல் தாலேயும் பவாரும் அமைப்பைக் கலைத்தார்கள். கலைப்பை ஏற்காதவர்கள் பாரதிய தலித் பேந்தர் என்று தொடர்ந்தார்கள். அதன் தமிழகக் கிளையை 1982இல் மதுரையில் மலைச்சாமி தொடங்கினார். 1990இல் திருமாவளவன் தலைமைக்கு வந்தார். விடுதலைச் சிறுத்தைகளின் வேர் அங்கே இருக்கிறது. ஆகவே இது மராத்திக்காரர் கதை என்று நாம் கை கழுவ முடியாது.

தசால் 2014 ஜனவரியில் இறந்தார். அவரைச் சிலையாக்க வேண்டாம், குப்பையிலும் போட வேண்டாம். 'கோல்பிட்டா'வையும் மல்லிகாவின் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்போம். கவிஞனைத் தனியாக விட்டுவிடாத அமைப்பு நம்மிடம் இருக்கிறதா என்று அப்புறம் நம்மையே கேட்டுக்கொள்வோம்.