சிறுமை குறிக்கும் சொல், பெருமை பெற்ற பெயர்

தில்லியிலும் மும்பையிலும் ஹைதராபாத்திலும் குடியேறி வாழும் நாம், ஹுஸைன், ஜுனைத், உபைத், ஸுஹைல் என்னும் பெயர்களை அண்டை வீட்டிலும் அலுவலகத்திலும் நாள்தோறும் கேட்கின்றோம். இவற்றின் முதலில் உகர ஓசையும் நடுவில் ஐகார ஓசையும் அமைந்திருத்தல் தற்செயலன்று. அரபு இலக்கணத்தார் 'தஸ்கீர்' என வழங்கும் சிறுமைப் பெயரின் வடிவம் அது.

அளவிற் சிறியதைக் குறிக்க நாம் வேறொரு சொல்லைச் சேர்ப்போம். சிற்றூர் என்போம், நாய்க்குட்டி என்போம். அரபு மொழியோ சொல்லின் மெய்களை நிலைநிறுத்தி, உயிரோசைகளை மாற்றும். 'ஜபல்' மலை, 'ஜுபைல்' குன்று. 'பஹ்ர்' கடல், 'புஹைரா' ஏரி. 'கூத்' கோட்டை, 'குவைத்' சிறு கோட்டை. பின்னது ஒரு நாட்டிற்கே பெயராயிற்று.

8ஆம் நூற்றாண்டில் பஸ்ரா நகரில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மதும் அவர்தம் மாணவர் ஸீபவைஹியும் இவ்வடிவத்தை நுணுகி ஆராய்ந்தனர். மூவகை வாய்பாட்டிற்கும் நாணயங்களே எடுத்துக்காட்டாயின: செப்புக்காசாகிய 'ஃபல்ஸ்' 'ஃபுலைஸ்' ஆகும், வெள்ளிக்காசாகிய 'திர்ஹம்' 'துரைஹிம்' ஆகும், பொற்காசாகிய 'தீனார்' 'துனைனீர்' ஆகும். சொல்லின் வேரைக் காணவும் இவ்வடிவம் துணைசெய்தது. வாயில் எனப் பொருள்படும் 'பாப்' என்னும் சொல்லில் வகரம் ஒலிப்பதில்லை. 'புவைப்' என்றதும் மறைந்திருந்த வகரம் வெளிப்படுகின்றது.

ஆயினும் இவ்வடிவம் அளவை மட்டும் சுட்டி நின்றதில்லை. திருக்குர்ஆனில் லுக்மான் தம் மகனுக்கு அறிவுரை கூறுமிடத்து, மகன் என்னும் சொல்லின் சிறுமை வடிவாகிய 'புனைய்ய' என்றே விளிக்கின்றார். அங்கு ஒலிப்பது தந்தையின் அன்பு.

இதே வடிவம் இகழ்ச்சிக்கும் கருவியாயிற்று. 10ஆம் நூற்றாண்டில் அடிமை நிலையிலிருந்து உயர்ந்து எகிப்தை ஆண்டவர் காபூர். அப்பெயருக்குக் கர்ப்பூரம் என்பது பொருள். பெரும்பதவியை நாடி அவரை அண்டிய கவிஞர் முதனப்பி, எண்ணியது கைகூடாமையால் 962ஆம் ஆண்டில் எகிப்தை விட்டகன்று, அவர் பெயரைக் 'குவைஃபீர்' எனக் குறுக்கி வசை பாடினார். ஆட்சி முடிந்து ஆயிரம் ஆண்டு கடந்தும் அவ்வசை மறையவில்லை.

இவ்வடிவம் பெருமையையும் உணர்த்துமோ? உணர்த்தும் என்றனர் கூஃபா நகர இலக்கணத்தார். பேரிடரைக் குறிக்கும் 'தாஹியா' என்னும் சொல்லைப் புலவர் லபீத் 'துவைஹியா' எனச் சிறிதாக்கி மரணத்தைச் சுட்டியதை அவர்கள் சான்று காட்டினர். பஸ்ரா நகரத்தார் அதற்கு உடன்பட்டிலர்.

வழக்கு எவ்வாறாயினும் வரலாறு ஒரு விடை தந்துள்ளது. நபிகள் நாயகத்தின் பேரர் இருவருள் மூத்தவர் ஹஸன். அப்பெயரின் சிறுமை வடிவமே இளையவருக்கு ஹுஸைன் என அமைந்தது. 680ஆம் ஆண்டில் கர்பலாவில் அவர் உயிர்நீத்தார். முஹர்ரம் தோறும் இந்நாட்டின் நகர்களில் அப்பெயர் கண்ணீருடன் ஒலிக்கக் கேட்கின்றோம். ஒரு பெயரைச் சிறிதாக்குவது இலக்கணம். அதனை இகழ்ச்சியாக்குவதும் பெருமையாக்குவதும் மாந்தர் உள்ளமேயாம்.