கைதட்ட மறுத்தவர்கள்

பதின்வயதுப் பிள்ளைகள் படிக்கும் ஒரு நாவலை நினைவுப் பேருரையில் பேசுவதா என்று சிலர் கேட்கக்கூடும். சுசான் காலின்ஸ் 2008இல் வெளியிட்ட ‘தி ஹங்கர் கேம்ஸ்’ அப்படிப்பட்ட நூல்தான். ஆனால் பசியைக் காட்டி மானத்தைப் பறிக்கும் அரசு எப்படி இயங்குகிறது என்பதை அது கணக்கோடு சொல்கிறது.

கற்பனை நாட்டின் பெயர் பானெம். தலைநகருக்கு அடங்கிய 12 மாவட்டங்கள். முன்னோர் கலகம் செய்ததற்குத் தண்டனையாக ஒவ்வொரு மாவட்டமும் ஆண்டுதோறும் ஓர் ஆண், ஒரு பெண் பிள்ளையைக் குலுக்கலில் தர வேண்டும். அந்த 24 பேரும் ஒருவரையொருவர் கொல்ல வேண்டும். கடைசியில் மிஞ்சுபவருக்கு மட்டும் உயிர். குலுக்கல் எல்லோருக்கும் பொது. ஆனால் பட்டினி கிடக்கும் வீட்டுப் பிள்ளை கூடுதலாக ஒரு சீட்டில் தன் பெயரைப் போட்டால், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்குக் கொஞ்சம் தானியமும் எண்ணெயும் கிடைக்கும். 16 வயது காட்னிஸின் பெயர் 20 சீட்டுகளில் இருக்கிறது. பொதுவிதி ஏழையின் தலையில் மட்டும் எப்படி இறங்கும் என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

தங்கையின் பெயர் வந்ததும் காட்னிஸ் தானே முன்வருகிறாள். கைதட்டச் சொல்கிறார்கள்; கூட்டம் தட்டவில்லை. மூன்று விரல்களை உதட்டில் வைத்து அவளை நோக்கி நீட்டுகிறது. சாவு வீட்டில் எப்போதாவது செய்யும் பழைய வழக்கம் அது. உணவை மறுக்க முடியாதவர்கள் கைதட்டலை மறுத்தார்கள்.

களத்தில் அவளுக்குத் துணையாகும் ரூ, 12 வயதுச் சிறுமி, விவசாய மாவட்டத்துக்காரி. அங்கே விளைச்சலைத் தின்றால் ஊர் பார்க்கச் சவுக்கடி. (கீழத்தஞ்சையின் சாணிப்பாலும் சவுக்கடியும் நினைவுக்கு வராமல் இந்தப் பக்கத்தைக் கடக்க என்னால் முடியவில்லை.) ரூ கொல்லப்பட்டதும் காட்னிஸ் அவள் உடலைப் பூக்களால் மூடுகிறாள். பிழைக்க ஓட வேண்டிய நேரத்தில் அது வீண்வேலை. ஆனால் அந்தப் பட்டினி மாவட்டம், ரூவுக்கென்று காசு சேர்த்த ரொட்டியைக் காட்னிஸுக்கு அனுப்புகிறது. வேற்று மாவட்டத்துப் பிள்ளைக்கு இப்படி வருவது அதுவே முதல்முறை. செத்தவளுக்குக் கொடுத்த மரியாதை உயிரோடிருப்பவளுக்குச் சோறாகத் திரும்பியது. தன்மானம் வயிறு நிறைந்த பிறகு வரும் ஆடம்பரம் என்பவர்களுக்கு என் பதில் இந்த ரொட்டிதான்.

குறையையும் சொல்ல வேண்டும். ரூவின் சாவு காட்னிஸை வளர்க்கிறது. ரூவுக்கென்று கதையில் வேறு நாள் இல்லை. அவள் கரும்பழுப்பு நிறத்தவள் என்று நூலிலேயே இருக்கிறது. இருந்தும் 2012இல் திரைப்படம் வந்தபோது, ரூவாகக் கருப்பினச் சிறுமி நடித்ததற்காக வாசகர்கள் சிலர் ட்விட்டரில் பொருமினார்கள். அவளுக்காக அழுத கண்கள் அவள் நிறத்தைப் படிக்காமலே தாண்டியிருக்கின்றன.

அந்தச் சைகை நூலோடு நிற்கவில்லை. தாய்லாந்தில் 2014 மே 22 அன்று ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. கூட்டம் கூடத் தடை இருந்த நாட்களில் மக்கள் மூன்று விரல்களை உயர்த்தினார்கள். நவம்பரில் கோன் கென் நகரில் பிரதமர் பிரயுத் பேசிக்கொண்டிருந்தபோது மாணவர்கள் ஐந்து பேர் அவர் முன்னால் எழுந்து நின்று விரல்களை நீட்டினார்கள். அவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். 2021இல் மியான்மரில் ராணுவம் ஆட்சியைப் பறித்தபோது மருத்துவப் பணியாளர்கள் அதே விரல்களை உயர்த்தினார்கள். பிப்ரவரி 26 அன்று ஐ.நா. பொதுச்சபையில், அந்நாட்டுத் தூதர் சா மோ டுன் தன் நாட்டு ராணுவத்துக்கு எதிராகப் பேசி முடித்துவிட்டு, அதே மூன்று விரல்களை உயர்த்தினார்.