புட்டியும் பொறுப்பும்

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த நம் மாணவன் ஒருவன், மருந்தாளுநர் பட்டயப் படிப்புக்கு மனுப்போட எண்ணுவதாகக் கூறினான். உடன் நின்ற தோழன் கைகொட்டிச் சிரித்தான். "கம்பவுண்டர் ஆகப் போகிறாயா? மாத்திரை எண்ணிக் கொடுக்க ஒரு படிப்பா!" என்றான். கேட்டவன் முகம் வாடிற்று. நமக்கோ சிரித்தவன்மீது சினம் எழவில்லை. தலைமுறை தலைமுறையாக நாட்டிலே உலவிவரும் சிரிப்பு அது. அவனும் அதை யாரிடமோ கேட்டுத்தான் கற்றிருப்பான். அதன் வரலாற்றைச் சற்றே காண்போம்.

ஊரிலே கம்பவுண்டரை "அரை டாக்டர்" என்பர். நோய் தீர்ந்தால் கும்பிடு டாக்டருக்கு. தீராவிட்டால் ஏச்சு கம்பவுண்டருக்கு! வீட்டிலிருந்து கழுவி எடுத்துச் சென்ற கண்ணாடிப் புட்டியை அவர் முன் நீட்டுவர். பல குடுவைகளிலிருந்து அளந்து ஊற்றிக் குலுக்குவார். பிறகு புட்டியின் விலாவிலே, ஓரத்தைப் பற்பலாக வெட்டிய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டுவார். ஒரு பல், ஒரு வேளை. எழுத்தறியாத தாயும் கண்டுகொள்வாள். எவ்வளவு எளிய ஏற்பாடு, எவ்வளவு நேர்த்தி! கல்வத்திலே அரைத்த பொடியைச் சம பங்காகப் பிரித்துப் பொட்டலமாக மடிப்பார். கிரெயின் என்பது அன்றைய நிறுவை. ஏறத்தாழ 65 மில்லிகிராம். மார்பியாவிலே ஒரு கிரெயின் கூடினால், உறங்கியவர் எழமாட்டார்.

அந்தக் கை பயின்ற கையா? பிழை நேர்ந்தால் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட கை? இந்த இரு கேள்விகளையும் நம் நாட்டிலே ஆள்வோர் நெடுங்காலம் கேட்கவே இல்லை.

கேட்ட மன்னன் ஒருவன் உண்டு. 13-ஆம் நூற்றாண்டிலே சிசிலியை ஆண்ட இரண்டாம் பிரெடரிக், மருந்தை எழுதும் மருத்துவரும் அதைச் செய்து விற்பவரும் கூட்டு வைத்துக்கொள்ளலாகாது எனச் சட்டம் செய்தான். மருந்து செய்யும் இடங்களை மேற்பார்வை பார்க்க நம்பத்தக்க ஆட்களை அமர்த்தினான். காரணம் நுட்பமானது. விற்பனையிலே பங்கு பெறுபவரின் எழுதுகோல் நோயை மட்டும் பார்க்காது, பணப்பெட்டியையும் பார்க்கும். எழுதுபவர் வேறு, கொடுப்பவர் வேறு என்றால், ஒருவரின் பிழையை மற்றவர் தடுக்க வழி பிறக்கிறது. மருந்தாளுநர் தொழிலின் வேர் இதுதான்.

இந்தியாவுக்கு வருவோம். வெள்ளையர் ஆட்சியிலே மருத்துவமனைகள் எழுந்தன, கம்பவுண்டர்களும் வந்தனர். பலர் பார்த்துப் பழகிக் கற்றவர்கள். கடைத்தெருவிலோ யாரும் மருந்து விற்கலாம் என்ற நிலை. மலேரியா மக்களை வாட்டிய காலத்திலே, அதற்கு மருந்தான கொயினாவிலேயே கலப்படம்! கூக்குரல் எழுந்த பின்னர், 1930-ஆம் ஆண்டு சோப்ரா தலைமையிலே மருந்து விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அறிக்கை தந்தது. மருந்துக்குச் சட்டம் வேண்டும், மருந்தாளுநருக்கு முறையான படிப்பு வேண்டும், சோதனைக்கூடம் வேண்டும் என்றது. அறிக்கை வந்தது 1931. மருந்துச் சட்டம் வந்தது 1940. மருந்தாளுநர் சட்டம் வந்தது 1948! குழு அமைந்த நாளிலே பிறந்த குழந்தை கல்லூரி வாயிலை மிதிக்கும் பருவத்தை அடைந்துவிட்டது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்திலே நாம் ஊன்றிப் பார்க்க வேண்டிய ஓர் இடம் உண்டு. முதற் பதிவேட்டிலே யார் யாரைச் சேர்ப்பது? படித்தவர் மட்டும் என்றிருந்தால், ஆயிரக்கணக்கான கம்பவுண்டர்கள் ஒரே நாளில் தெருவுக்கு வந்திருப்பர், மருத்துவமனைகளும் முடங்கியிருக்கும். ஐந்தாண்டு மருந்து கலக்கிய அனுபவம் இருந்தால் போதும், பெயரைப் பதியலாம் என்றது சட்டம். பின்னர் வருவோர் மட்டும் படித்துத் தேற வேண்டும். இதைச் சலுகை என்று குறை கூறியோர் உண்டு. நாம் அதனை நியாயம் என்கிறோம். கல்லூரிக் கதவு தனக்குத் திறக்கப்படாத காலத்திலே உழைத்தவனை, சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் துரத்துவது அறமாகாது. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்றும் நிகழ்ந்தது. பதிவேட்டிலே ஏறிய பெயரை, குற்றம் செய்தால் நீக்கவும் முடியும். அரை டாக்டராகப் பேரில்லாமல் நின்றவர், பேருள்ளவராக, பதில் சொல்லக் கடமைப்பட்டவராக ஆனார்.

அதற்கு இரண்டாண்டு முன்னர், 1946-இலே, போர் குழு நாட்டு நலவாழ்வுக்குத் திட்டம் தீட்டியது. நாற்பதாயிரம் மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதிலே மருத்துவர் இருவர், செவிலியர், மருத்துவச்சிகள் எனக் கணக்கிட்டது. மருந்தாளுநர் ஒருவர்! நாற்பதாயிரம் பேருக்கு ஒரு சாளரம். அதன் பின்னால் ஒரு மனிதர்.

அவர் தூங்கினால் என்ன ஆகும்? மருந்து அவரிடம் வருமுன்பே யாரேனும் தூங்கினால்?

1937, அமெரிக்கா. சல்பனிலமைடு என்ற மருந்தைக் குடிநீராக்க, டைஎத்திலீன் கிளைகால் என்ற இனிப்பான நஞ்சிலே கரைத்தது ஒரு நிறுவனம். உயிருக்குக் கேடு உண்டா என்று சோதிக்கவில்லை. சோதிக்கச் சொல்லும் சட்டமும் அன்று இல்லை. நூறு பேருக்கு மேல் மாண்டனர், அவர்களுள் குழந்தைகள் பலர். அரசு அந்த மருந்தைப் பறிமுதல் செய்தது எந்தக் குற்றத்துக்காகத் தெரியுமா? கொன்றதற்காக அல்ல! "எலிக்சிர்" என்று பேர் வைத்துவிட்டு உள்ளே சாராயம் இல்லை என்பதற்காக! மறு ஆண்டே அந்நாடு புதுச் சட்டம் செய்தது.

1986, பம்பாய். ஜே.ஜே. மருத்துவமனை, அரசின் பெரிய மருத்துவமனை. கிளிசரால் கொடுக்கப்பட்ட நோயாளிகளுள் பதினான்கு பேர் இறந்தனர். கிளிசராலிலே கலந்திருந்தது அதே டைஎத்திலீன் கிளைகால்! நீதிபதி லெண்டின் ஆணையம் விசாரித்தது. வாங்கிய இடம், வழங்கிய இடம், கண்காணிக்க வேண்டிய துறை, மருத்துவமனை என ஒவ்வொரு படியிலும் ஊழலும் அலட்சியமும் வெளிப்பட்டன. சீட்டு எழுதிய மருத்துவருக்குப் புட்டியிலே நஞ்சு என்று தெரியாது. நாவுக்கும் தெரியாது, அது இனிக்கும். தொகுதி எண்ணும் சோதனை அறிக்கையும் இல்லாமல் சரக்கை ஏற்கமாட்டேன் என்று சொல்லும் ஒரு மனிதரும், அவர் சொல்லுக்குப் பின்னால் நிற்கும் ஓர் ஏற்பாடும் மட்டுமே அதைத் தடுத்திருக்க முடியும்.

அத்தகைய ஏற்பாட்டை நம் மாநிலம் 1994-இலே தொடங்கியது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அவ்வாண்டு உருவாகி, 1995 முதல் அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரத் தொடங்கியது. மாவட்டக் கிடங்குக்கு வரும் சரக்கிலே மாதிரி எடுத்து, செய்தவர் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் இட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவர். சோதிப்பவருக்கு அது யார் சரக்கு என்று தெரியாது. பரிந்து பேச வழியில்லை! தேறிய பின்னரே சரக்கு கிடங்கை விட்டு நகரும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியிலே இருப்பதுபோல் ஒரு கணக்குப் புத்தகம். எடுத்த மருந்தின் மதிப்பு அதிலே கழியும். டப்பாவிலிருந்து கையால் அள்ளிக் காகிதத்திலே சுருட்டிய மாத்திரை, அட்டையிலே அடைபட்டு வந்தது. பிற மாநிலங்களும் இம்முறையைப் பின்பற்றின.

சிரித்த மாணவன் சொன்னானே, எண்ணிக் கொடுப்பது என்று. எண்ணட்டும்! காலாவதி நாள் முந்தியதை முதலில் எடுக்க வேண்டும். மறந்தால் மக்கள் பணம் குப்பைக்கு. இன்சுலின் இரண்டு முதல் எட்டுப் பாகை வெப்பத்துக்குள் இருக்க வேண்டும்; மின்சாரம் போன இரவையும் கணக்கில் கொள்ள வேண்டும். போதை தரும் மருந்து பூட்டுக்குள், ஒவ்வொரு ஊசிக்கும் ஏட்டிலே கணக்கு. திரும்பப் பெறச் சொல்லி ஆணை வந்தால், எந்தத் தொகுதி எந்த நாளில் எவருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டும்.

இந்தப் பணிக்கு இரண்டாண்டுப் பட்டயமும் 500 மணி நேரப் பயிற்சியும், மாநில மன்றத்திலே பதிவும் வேண்டும். அரசுப் பணிக்கு ஆள் எடுப்பது மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். ஏணி குறுகியது, தலைமை மருந்தாளுநராக உயரலாம். மருந்து ஆய்வாளராக வேண்டுமானால் பட்டயம் போதாது, பட்டம் வேண்டும். இருபதாண்டுகள் சாளரத்திலே நின்றவரின் அனுபவத்துக்கு அந்த வாயில் மூடியே இருக்கிறது. 1948-இலே அனுபவத்தை மதித்த நாடு இதையும் சிந்திக்கலாம் என்பது நம் கருத்து. படிப்பு வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பணியிலே இருப்பவர் படித்து ஏற வழி விடுங்கள் என்கிறோம். ஏனெனில் ஆய்வாளரின் அதிகாரம் பெரிது. கடைக்குள் நுழையலாம், ஐயம் எழுந்தால் இருபது நாள்வரை விற்பனையை நிறுத்தலாம், மாதிரியை நான்கு பங்காக்கி, ஒன்றைக் கடைக்காரரிடமே கொடுத்துவிட்டு, ஒன்றை அரசுப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பலாம்.

பெரிய அதிகாரம், பெரிய பிழைக்கும் இடம். 2025-ஆம் ஆண்டு மத்தியப் பிரதேசத்துச் சிந்த்வாரா பகுதியிலே இருமல் மருந்து குடித்த இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் மாண்டனர். நஞ்சு, அதே டைஎத்திலீன் கிளைகால். மருந்து செய்யப்பட்ட இடம், நம் காஞ்சிபுரம் மாவட்டம். எழுதும்போது கை கூசுகிறது. சோதனை நடக்கும் கிடங்கைத் தொடாமலே, தனியார் கடைவழி சென்ற மருந்து அது.

சென்ற மாதம், நம் மாணவியின் பாட்டிக்குத் துணையாக ஆரம்ப சுகாதார நிலையம் சென்றோம். மருத்துவர் சர்க்கரை நோய்க்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். சாளரத்திலே இருந்த அம்மையார் சீட்டைப் பார்த்தார், கிழவியைப் பார்த்தார். "பாட்டி, வேற எங்கயாச்சும் சர்க்கரை மாத்திரை வாங்கிச் சாப்பிடுறீங்களா?" என்றார். கிழவி மஞ்சள் பையைத் துழாவி, டவுன் கடையிலே வாங்கிய அட்டை ஒன்றை எடுத்தார். பேர் வேறு, உள்ளே இருக்கும் மருந்து ஒன்றே! இரண்டையும் விழுங்கியிருந்தால் சர்க்கரை அடியோடு இறங்கி, எங்கேனும் மயங்கி விழுந்திருப்பார். அம்மையார் வரிசையை நிறுத்திவிட்டு, சீட்டோடும் அட்டையோடும் மருத்துவர் அறைக்கு நடந்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தனர். ஐந்து நிமிடத்தில் சீட்டு திருத்தப்பட்டு வந்தது.

கிழவி மாத்திரையை முந்தானையிலே முடிந்துகொண்டார். "டாக்டரு தங்கமானவரு" என்று சொல்லிக்கொண்டே பேருந்து ஏறினார்.