உயர்த்துவதா, பரப்புவதா?

மட்டக்களப்பு நாட்டிலே ஒரு சிற்றூரிற் கூத்து அரங்கேறுகின்றதெனின், அதன் செலவை யார் ஏற்கின்றனர்? அரசர் ஏற்பதில்லை, செல்வர் ஒருவர் தனித்து ஏற்பதும் இல்லை. ஊரவரே கூடி ஏற்கின்றனர். அண்ணாவியார் பல மாதங்களாக ஆட்டத்தையும் பாட்டையும் பழக்குகின்றார். அரங்கேற்றம் நிறைவேறிய பின்னர் ஆட்டக்காரர் வீட்டுக்கு வீடு சென்று ஆடுவர். வீட்டார் தத்தம் நிலைக்கேற்ப வழங்கும் பொருள் அண்ணாவியாருக்குரிய சன்மானமாகச் சேரும். கலைக்கு ஊர் செலுத்தும் வரி இது என்று கூறினும் தவறாகாது. எவரும் விதியாத வரி. ஆயினும் எவரும் மறுக்காத வரி.

ஊர் என்னும் சிறிய வட்டத்தில் இயல்பாக நடைபெறும் இக்காரியத்தைப் பல கோடி மக்கள் வாழும் ஒரு நாடு செய்ய முற்படும்போது பல வினாக்கள் எழுகின்றன. பொதுமக்களின் வரிப்பணத்தைக் கலைஞருக்குக் கொடுக்கலாமா? கொடுப்பதாயின் எந்தக் கலைஞருக்குக் கொடுப்பது? தலைநகரிற் சிறந்த அரங்கு ஒன்றை நிலைநிறுத்துவதா, நூறு சிற்றூர்களிலே பாட்டும் நாடகமும் தழைக்கச் செய்வதா? பிரித்தானிய மக்கள் இவ்வினாக்களுக்கு விடை காண முயன்ற வரலாறு சுவையானது. அதுபோன்ற கழகம் ஒன்று 1952 இல் நம் நாட்டிலும் சட்டத்தின்வழி நிறுவப்பட்டமையால், அவ்வரலாறு நமக்கும் தொடர்புடையதே.

1939 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 3 ஆந் திகதி பிரித்தானியா ஜேர்மனியின்மீது போர்ப் பிரகடனஞ் செய்தது. குண்டு வீச்சுக்கு அஞ்சிய அரசினர் நாடக அரங்குகளையும் படமாளிகைகளையும் உடனே மூடுவித்தனர். நடிகரும் இசைவாணரும் ஒரே நாளில் தொழில் இழந்தனர். இலண்டன் தேசிய ஓவியக்கூடத்திலிருந்த படங்கள் நகரத்துக்கு வெளியே அனுப்பப்பட்டன. வெறுஞ் சுவர்களே எஞ்சின. மூடிய அரங்குகள் சில வாரங்களில் மெல்லத் திறக்கத் தொடங்கினவெனினும், நகரம் இருளில் மூழ்கியிருந்தது.

அவ்வேளையிலே மைரா ஹெஸ் என்னும் பியானோ இசைக்கலைஞர், வெறுமையாய்க் கிடந்த ஓவியக்கூடத்தில் மதிய வேளைகளில் இசையரங்கு நடத்தலாம் என்ற எண்ணத்தை முன்வைத்தார். ஒக்டோபர் 10 ஆந் திகதி முதலாவது அரங்கு நடைபெற்றது. நுழைவுக் கட்டணம் ஒரு சிலிங். சிறு தொகையினரே வருவரென எதிர்பார்த்திருக்க, வாயிலிலே மக்கள் நீண்ட வரிசையாக நின்றனர். போர் முடிந்து 1946 இல் நிறைவு பெறும்வரை அங்கே ஏறத்தாழ 1,700 இசையரங்குகள் நடைபெற்றன. உணவுக்குப் பங்கீடு வந்த காலத்திலும் மனிதர் உணவால் மட்டும் வாழ்வதில்லை என்பதை அவ்வரிசை காட்டிற்று.

இதே காலத்தில் வேறொரு முயற்சியும் உருவாயிற்று. எட்வேட் ஹாக்னஸ் என்னும் அமெரிக்கச் செல்வர் 1930 இல் இருபது இலட்சம் பவுண் வழங்கி, பில்கிறிம் அறநிதியம் என்னும் நிதியத்தைப் பிரித்தானியாவில் ஏற்படுத்தியிருந்தார். அதன் செயலாளர் தோமஸ் யோன்ஸ் வேல்சு நாட்டுத் தொழிலாளர் ஊர் ஒன்றிற் பிறந்தவர். வேலையின்றி வாடிய சுரங்கத் தொழிலாளரின் துயரை அறிந்தவர். அவரும் கல்வி அமைச்சரும் பிறரும் 1939 டிசெம்பரிற் கூடி ஆலோசித்தனர். அதன் பயனாக, 1940 தொடக்கத்தில் இசையையும் கலைகளையும் ஊக்குவிக்கும் கழகம் தோன்றியது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துக்களைச் சேர்த்து மக்கள் அதனைச் சீமா என அழைத்தனர். அறநிதியம் 25,000 பவுண் வழங்கியது. சில மாதங்களுள் அரசினர் திறைசேரியும் அதற்கு ஈடான தொகையை வழங்க இசைந்தது. 1942 இல் அறநிதியம் விலகிக்கொள்ள, முழுப் பொறுப்பும் பொதுப் பணத்தின்மேல் வந்தது.

இந்தச் சிறு தொகையைக் கொண்டு அக்கழகம் என்ன செய்தது? ஆறு இசைப் பயணிகளை அது நாட்டுப்புறங்களுக்கு அனுப்பியது. அவருள் ஒருவர், இசையமைப்பாளர் கஸ்தாவ் ஹோல்ஸ்ற் என்பாரின் புதல்வியாகிய இமோஜென் ஹோல்ஸ்ற். இவர்கள் பாடிக் காட்டிவிட்டுத் திரும்பியவர்கள் அல்லர். கிராமத்து மண்டபங்களில் மக்களைக் கூட்டி, அவர்களையே பாட வைத்தவர்கள். தொழிற்சாலைகளில் மதிய உணவு வேளையில் இசைக்கலைஞர் வாசித்தனர். 1940 இன் இலையுதிர் காலத்தில் இலண்டன் நகரம் குண்டு மழையில் நனைந்தபோது, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த இடங்களுக்கே இசைவாணர் சென்றனர்.

அதே பருவத்தில், ஓல்ட் விக் நாடகக் குழுவினர் தென் வேல்சின் நிலக்கரிச் சுரங்க ஊர்களுக்குச் சேக்ஸ்பியரின் மக்பெத் நாடகத்தைக் கொண்டு சென்றனர். புகழ்வாய்ந்த நடிகையாகிய சிபில் தோண்டைக்கும் அவர் கணவர் லூவிஸ் காசனும் சுரங்கத் தொழிலாளரின் மண்டபங்களில் நடித்தனர். ஓவியத் துறையில், வில்லியம்ஸ் என்னும் வளர்ந்தோர் கல்வி அறிஞர் 1935 இலேயே மக்களுக்கான கலை என்ற பெயரிற் கண்காட்சிகளைத் தொடங்கியிருந்தார். தனியார் வீடுகளிலிருந்த நல்ல படங்களை இரவலாகப் பெற்று, ஓவியக்கூடம் இல்லாத ஊர்களில் வைத்துக் காட்டுவது அவர் வழக்கம். அம்முயற்சிக்கும் சீமா கைகொடுத்தது. மிகச் சிறந்ததை மிகப் பலருக்கு என்பதே அக்கழகத்தின் குறிக்கோளாய் விளங்கியது.

நேயர்களே, இக்குறிக்கோளில் இரு பாகங்கள் உள்ளன. மிகச் சிறந்தது என்பது ஒன்று. மிகப் பலருக்கு என்பது மற்றொன்று. பணம் போதிய அளவு இருப்பின் இரண்டும் ஒத்துச் செல்லும். பணம் குறையும்போது ஒன்றோடொன்று மோதும்.

1942 இல் கழகத்தின் தலைவராக வந்தவர் பொருளியல் அறிஞராகிய கெயின்ஸ் பிரபு. அவர் வெறும் கணக்கறிஞர் அல்லர். அவர் மனைவியார் லிடியா லொப்பக்கோவா உருசிய நாட்டுப் பலே நடனக் கலைஞர்; கேம்பிறிட்ஜ் நகரில் 1936 இல் ஒரு கலை அரங்கை நிறுவியவரும் கெயின்ஸே. பயிற்சி பெற்ற தொழிற் கலைஞரின் உயர்ந்த தரத்தையே அவர் பெரிதும் போற்றினார். ஊர் மக்கள் தாமே பாடி ஆடும் முயற்சிகளில் அவருக்கு ஈடுபாடு குறைவு. ஆகவே கழகத்தின் பார்வை சிறிது சிறிதாகக் கிராம மண்டபத்திலிருந்து பெரும் அரங்கை நோக்கித் திரும்பிற்று.

ஆயினும் கெயின்ஸ் செய்த பெருந்தொண்டு ஒன்றை மறத்தலாகாது. 1945 ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அவர் வானொலியிற் பேசினார். கலைஞர் தம் உள்ளுணர்வு செலுத்தும் வழியே செல்பவர். அவருக்கு ஆணையிடுவது அரசின் வேலையன்று. ஊக்கமும் வாய்ப்பும் அளிப்பதே அதன் வேலை என்பது அவர் பேச்சின் சாரம். நாட்டின் ஒவ்வொரு பகுதியும் தனக்குரிய முறையில் மகிழ வேண்டும் என்றும் அவர் விரும்பினார். பணத்தைத் திறைசேரி தரும். அதனை எவ்வாறு பகிர்வதென்பதை அமைச்சர் தீர்மானியாது கழகமே தீர்மானிக்கும் என்ற ஏற்பாடு இவ்வெண்ணத்தின் வழியே வந்தது. கொடுப்பவன் கை கலைஞனின் கழுத்துக்கு எட்டாத தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

போர்க்காலத்தில் நடன மண்டபமாக மாறியிருந்த கொவென்ற் காடின் அரங்கு 1946 பெப்ரவரி 20 ஆந் திகதி பலே நடனத்துடன் மீண்டுந் திறக்கப்பட்டது. கெயின்ஸ் அதனைக் கண்டு மகிழ்ந்தார். ஏப்பிரில் மாதத்தில் அவர் காலமானார். ஓகத்து 9 ஆந் திகதி, சீமா என்னும் போர்க்காலக் கழகம் அரச பட்டயம் பெற்றுப் பிரித்தானியக் கலைக்கழகமாக மாறிற்று. அவர் பெற்ற பிள்ளைக்குப் பெயர் சூட்டும் நாளில் அவர் இல்லை.

புதிய கழகத்தின் நிதியிற் பெரும் பங்கு கொவென்ற் காடின் அரங்குக்குச் சென்றது. 1951 இல் கழகத்தின் தலைமைச் செயலாளராக வந்தவர், படங்களை ஊர் ஊராகக் கொண்டு சென்ற அதே வில்லியம்ஸ். கழகத்தின் 1950-51 ஆம் ஆண்டு அறிக்கை வெளிப்படையாகவே ஒரு வினாவை எழுப்பிற்று: உயர்த்துவதா, பரப்புவதா? தரத்தை உயர்த்துவதே முதற் கடன் என்ற பக்கம் கழகம் சாய்ந்தது. மாகாணங்களிலிருந்த அதன் அலுவலகங்கள் 1956 ஆம் ஆண்டளவில் மூடப்பட்டன. பரப்புவதற்கென வாழ்வைத் தொடங்கியவரின் காலத்திலேயே பரப்பும் வாயில்கள் அடைபட்டமை வரலாற்றின் விந்தை.

அம்முடிவுக்கும் நியாயம் இல்லாமலில்லை. குளத்து நீர் குறைந்த காலத்தில் அதனை எல்லா வயல்களுக்கும் பாய்ச்சினால் ஒரு வயலும் விளையாது. சில வயல்களையேனும் காப்போம் என்று கமக்காரர் எண்ணுவதில்லையா? அவ்வாறே அவர்களும் எண்ணினர். ஆனால் நீர் பெறும் வயல் எப்போதும் தலைமடை வயலாகவே இருந்தால், கடைமடையிலுள்ளவர் எத்தனை போகம் பொறுத்திருப்பர்? அவர்களும் வரி செலுத்துபவர்களே.

கடைமடை மக்கள் வாளாவிருக்கவில்லை. 1956 இலேயே தென்மேற்கு இங்கிலாந்திலுள்ளோர் தமக்கென ஒரு கலைச் சங்கத்தை அமைத்தனர். 1961 இல் வடகிழக்கிலும் அத்தகைய சங்கம் எழுந்தது. பின்னர் 1964 இல் கலைகளுக்குப் பொறுப்பான அமைச்சராக ஜெனி லீ என்னும் அம்மையார் நியமனம் பெற்றார். அவர் ஸ்கொத்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகள். 1965 இல் அவர் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, தலைநகருக்கு வெளியேயும் கலை செழிக்க வேண்டும் என்பதை அரசின் கொள்கையாக்கிற்று.

அத்துடன் வினா ஓய்ந்ததா? இல்லை. போர்க்காலத்தில் சட்லர்ஸ் வெல்ஸ் என்னும் இசைநாடகக் குழு, இலண்டனிலிருந்த தன் அரங்கை வீடிழந்தோருக்கு விட்டுக்கொடுத்து, சிறு குழுவாக ஊர் ஊராகச் சென்று பாடியது. அதன் வழித்தோன்றலே ஆங்கிலத் தேசிய இசைநாடக நிறுவனம். 2022 நவம்பரில் இங்கிலாந்தின் கலைக்கழகம் அந்நிறுவனத்தை வழமையான மானியம் பெறுவோர் பட்டியலிலிருந்து நீக்கி, இலண்டனுக்கு வெளியே இடம் தேடுமாறு கூறியபோது பெரும் வாதம் எழுந்தது. ஒரு காலத்தில் விரும்பிச் சென்ற பயணம், மற்றொரு காலத்தில் தண்டனையாகத் தோன்றிற்று. வினா ஒன்றே, காலந்தான் வேறு.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைமை தாங்கிய பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள், நகரத்து மேடைகளில் மட்டும் கண் வைத்திருந்தாரல்லர். கிராமங்களிற் கூத்துப் போட்டிகள் நடைபெற வழிசெய்தார். ஏட்டுப் பிரதிகளில் முடங்கிக் கிடந்த கூத்துக்களை அச்சேற்றினார். அவற்றுள் ஒன்றாகிய அலங்காரரூபன் நாடகம் 1962 இல் வெளிவந்தது. அதே ஆண்டிற் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் கர்ணன் போர் என்னும் கூத்தை ஆடினர். அவர்களைப் பழக்கியவர் மட்டக்களப்பிலிருந்து அழைக்கப்பெற்ற அண்ணாவியார் ஒருவர். பின்னர் இராவணேசன் மேடையேறிற்று. அதில் இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு பின்னாளிற் கிழக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியராய் விளங்கினார்.

விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கியமை பற்றி மாறுபட்ட கருத்துடையோர் உளர். ஊரவர் ஓர் இரவு முழுவதும் களரியைச் சுற்றிக் கூடியிருக்கும் வாழ்வை மண்டப மேடையிற் கொண்டுவரல் இயலாது என்பதும் உண்மையே. ஆயினும் இம்முயற்சி நமக்கு ஓர் உண்மையைத் தெளிவாக்குகின்றது. பேராதனை மேடையில் உயர்ந்து நின்ற கலை எங்கிருந்து வந்தது? ஊரவர் தம் கைப்பொருள் கொடுத்துத் தலைமுறை தலைமுறையாகப் பரப்பிவைத்த களரிகளிலிருந்து வந்தது. பரப்பப்படாதிருந்தால் உயர்த்துவதற்கு ஒன்றும் இருந்திராது. படித்தோர் மதிக்கும் நிலைக்கு அது உயர்த்தப்படாதிருந்தால், பரப்பிய ஊர்களே அதனை நாணிக் கைவிட்டிருக்கவும் கூடும். ஆகவே உயர்த்தலும் பரப்பலும் இரண்டு செலவுகள் அல்ல; ஒரே செலவின் இரு முகங்கள்.

பொதுப் பணத்தைப் பகிர்வோர் ஒரு கணக்கை நினைவில் வைத்தல் நன்று. மேடையில் நின்றவருக்குக் கொடுப்பது போதாது. அவருக்கு முதலடி பழக்கிய அண்ணாவியாருக்கு என்ன கொடுத்தோம் என்றும் கேட்டல் வேண்டும். கொடுக்கும்போது, இன்னதை ஆடு, இன்னதைப் பாடாதே என்று கட்டளையிடாதிருத்தலும் வேண்டும். வீட்டு வாயிலில் வந்து ஆடியவனுக்குக் கொடுத்த நம் முன்னோர் அப்படித்தான் கொடுத்தனர். கெயின்ஸ் பிரபு வானொலியில் விளக்கிய கொள்கையை நம் ஊர்ப்பெண்கள் முற்றத்திலே நின்று, உள்ளங்கையிற் காசுடன் செயலிற் காட்டி வந்தனர்.