ஏழுக்கு நான்கு

சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்றதும் மலையகத்தில் கதை 1948இல்தான் தொடங்கும். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளரை நாடற்றவராக்கிய டி. எஸ். சேனநாயக்க அரசின் பிரஜாவுரிமைச் சட்டம், மறு ஆண்டே பறிபோன வாக்குரிமை, 1947 தேர்தலில் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஓர் ஆசனமும் இல்லாமல் நின்ற நிலை என்று அது நீளும். அதில் பிழையில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளரைப் பெருந்தொகையாக ஏற்க முடியாது என்று பதினாறு ஆண்டுகள் மறுத்துவந்த இந்தியா, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஐந்து லட்சத்து இருபத்தையாயிரம் பேரை எடுத்துக்கொள்ள ஏன் இணங்கியது என்பதற்கு அந்தக் கதைக்குள் விடை கிடைக்காது. அந்த இணக்கம் அட்டனிலோ நுவரெலியாவிலோ உருவானதல்ல. 1962இல் இமயமலையில் நடந்த போருக்குப் பிந்திய அயலுறவுக் கணக்கில் அது பிறந்தது என்பதே என் வாதம்.

1962 ஒக்டோபர் 20 முதல் நவம்பர் 21 வரை நடந்த அந்தப் போரில் இந்தியா தோற்றது. தோல்வியைவிட நேருவை அதிகம் சுட்டது தனிமை. அணிசேரா நாடுகள் பலவும் சீனாவை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லவில்லை, இலங்கையும் சொல்லவில்லை. இலங்கைக்கு 1952இன் இறப்பர்–அரிசி ஒப்பந்தம் தொட்டே பீக்கிங்குடன் நல்ல கொடுக்கல் வாங்கல் இருந்தது. டிசம்பர் 10 முதல் 12 வரை இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்க கொழும்பில் ஒரு மாநாட்டைக் கூட்டினார். பர்மா, கம்போடியா, கானா, இந்தோனேசியா, ஐக்கிய அரபுக் குடியரசு ஆகியவை இலங்கையுடன் அமர்ந்தன. மேற்குப் பகுதியில் சீனப் படைகள் 20 கிலோமீற்றர் பின்வாங்க வேண்டும், இந்தியப் படைகள் இருந்த இடத்திலேயே இருக்கலாம், இடைப்பட்ட வெளியில் இரு தரப்புச் சிவில் காவல் நிலையங்கள் அமையலாம் என்பது அங்கு உருவான யோசனைகளின் சாரம். அவற்றைச் சுமந்துகொண்டு அவர் பீக்கிங்கும் புதுடில்லியும் போனார். இந்தியா முழுமையாக ஏற்றது. சீனா கொள்கையளவில் ஏற்று, பிடிகொடுக்காமல் நழுவியது. எல்லைப் பேச்சு நடக்கவில்லை. ஆனால் அந்தச் சில வாரங்களில், அதுவரை இந்தியாவிடம் மனுக் கொடுக்கும் சிறிய அயலாக இருந்த நாடு, இந்தியாவுக்காகத் தூது போகும் நாடாக மாறியிருந்தது.

முன்பிருந்த இந்திய நிலைப்பாட்டைப் பக்கத்தில் வைத்தால்தான் மாற்றத்தின் அளவு தெரியும். இலங்கையில் பிறந்து, உழைத்து, அங்கேயே நிலைத்தவர்கள் இலங்கையின் பொறுப்பு. தாமாக விரும்பி இந்திய அரசியலமைப்பின் 8ஆம் உறுப்புரையின் கீழ் பதிவு செய்பவர்களை மட்டுமே இந்தியா ஏற்கும் என்பதில் நேரு விட்டுக்கொடுக்கவில்லை. 1953இல் லண்டனில் டட்லி சேனநாயக்கவுடன் பேசியபோதும், 1954 ஜனவரியில் சேர் ஜோன் கொத்தலாவலையுடன் கையெழுத்திட்டபோதும் கட்டாயம் என்ற சொல்லுக்கு அவர் இடமளிக்கவில்லை. 1964 மே 27இல் நேரு மறைந்தார். ஒக்டோபர் 16ஆம் திகதி சீனா தன் முதல் அணுகுண்டை வெடித்தது. அடுத்த வாரமே சிறிமாவோ புதுடில்லியில் இருந்தார். நேருவுக்குப் பின் பிரதமரான லால் பகதூர் சாஸ்திரிக்கும் வெளிவிவகார அமைச்சர் ஸ்வரண் சிங்குக்கும் அன்று தெற்கில் ஒரு மனத்தாங்கல் மிச்சமிருப்பது கட்டுப்படியாகாத செலவு. செலவைக் குறைக்க அவர்கள் கண்ட வழி, தேயிலைச் செடிக்கு நடுவே நின்றவர்களைப் பங்கு பிரிப்பது.

ஒப்பந்தத்தில் சீனாவைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, காலம் ஒத்துப்போனதை வைத்துக் காரணம் கற்பிக்கலாமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இலங்கையின் கோரிக்கை பழையது. பாக்கு நீரிணைக்கு இந்தப் பக்கம் அதற்குச் சீனா தேவைப்படவில்லை. 1948 சட்டத்தை எதிர்த்து வாக்களித்த லங்கா சமசமாஜக் கட்சியே 1964 ஜூனில் அமைச்சரவையில் ஏறி அமர்ந்திருந்தது என்பதிலிருந்து, கொழும்பில் அந்தக் கோரிக்கைக்கு எதிர்ப்பு எவ்வளவு வற்றியிருந்தது என்று பார்த்துக்கொள்ளலாம். மாறியது இந்தியாவின் மறுப்பு மட்டுமே. நேருவின் மறைவு ஒரு பகுதிக் காரணம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனிமனிதர் மாறியதால் மட்டும் கொள்கை மாறியது என்றால், அடுத்த சுற்று விளங்காது. 1971 போரை ஒட்டி, இந்தியா தன் வான்பரப்பை மூடியிருந்ததால், பாகிஸ்தான் விமானங்கள் கட்டுநாயக்காவில் இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றன. அதற்குப் பிறகு 1974 ஜனவரியில், 1964இல் முடிவு செய்யாமல் விட்ட ஒன்றரை லட்சம் பேரை இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அதே ஆண்டு ஜூனில் கச்சதீவு விவகாரமும் முடிந்தது. அப்போது பிரதமர் வேறு, போர் வேறு; ஆனாலும் விலை கொடுத்தவர்கள் அதே மக்கள்.

இனி ஒப்பந்தத்தையே அருகில் வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியா 5,25,000, இலங்கை 3,00,000, மிச்சம் பிறகு. பதினைந்து ஆண்டுகளில் எல்லாம் முடிய வேண்டும். இந்தியா ஏழு பேரை எடுக்கும்போது இலங்கை நான்கு பேருக்குப் பிரஜாவுரிமை தரும். போகிறவர் போகும்வரை அல்லது 55 வயதுவரை வேலையில் இருக்கலாம். சேமலாப நிதியும் பணிக்கொடையும் உட்படச் சொத்தை எடுத்துச் செல்லலாம். அதற்கான உச்சவரம்பை 4,000 ரூபாவுக்குக் கீழே இறக்கக் கூடாது. இவ்வளவு நுணுக்கமாக எழுதியவர்கள், யார் போவது, யார் இருப்பது என்பதைச் சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்க ஓர் ஏற்பாடும் எழுதவில்லை. மலையகத் தொழிற்சங்கத் தலைவர்களான தொண்டமானையோ அசீஸையோ பேச்சுவார்த்தை மேசையில் அமர்த்தவில்லை. கேள்வி விண்ணப்பப் படிவத்தில்தான் வந்தது, அதுவும் 1967இன் நடைமுறைச் சட்டத்துக்குப் பிறகு. வந்த பதில் ஒப்பந்தத்தைத் தலைகீழாக்கியது. இந்தியக் குடியுரிமை கேட்டவர்கள் சுமார் நான்கு லட்சம். இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். இரண்டு அரசுகளின் கணிப்பு எவ்வளவு பிசகு என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

இந்த ஒப்பந்தமே இல்லாவிட்டால் பத்து லட்சம் பேரும் நாடற்றவர்களாகவே இருந்திருப்பார்கள் அல்லவா என்பது இதைவிட வலுவான எதிர்வாதம். இந்திய வம்சாவளியினர் பதிவு மூலம் பிரஜாவுரிமை கோர வழிவிட்ட 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோரில் 1,34,000 பேர் அளவுக்குத்தான் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. அந்த வேகத்தோடு ஒப்பிட்டால் மூன்று லட்சம் என்பது சிறிய தொகையல்ல. இதை நான் மறுக்கவில்லை. மறுப்பது, அந்த மூன்று லட்சத்தை ஏழுக்கு நான்கு என்ற விகிதத்தில் கட்டிப்போட்டதை. ஒருவருக்குக் கிடைக்கும் உரிமை, பக்கத்துக் காம்பிராக்காரர் கப்பலேறுவதைப் பொறுத்தது என்றானது. 1970இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ, இந்தியக் குடியுரிமை பெற்றவர்கள் உடலளவில் வெளியேறிய பிறகே எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்போம் என்று சட்டத்தைத் திருத்தி, கட்டை இன்னும் இறுக்கினார். அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கும் தம்பி இலங்கைப் பிரஜாவுரிமைக்கும் எழுதிப்போட்ட லயங்களில், வீட்டுக்குள்ளேயே எல்லை விழுந்தது.

கப்பலேறியதை மலையகம் தன் சொல்லால் பதிந்து வைத்திருக்கிறது: ஒப்பாரிக் கோச்சி, அதாவது ஒப்பாரி ரயில். அட்டனிலும் நானுஓயாவிலும் ஏறியவர்கள் தலைமன்னாருக்கு இறங்கி, கடல் கடந்து, மண்டபம் முகாமில் பதிந்தார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகி இரண்டு மாதம் ஆவதற்குள் டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்திருந்ததால் கப்பல் இராமேஸ்வரத்துக்குத்தான் போனது. 1970களின் நடுவில் தோட்டங்களைப் பிடித்த பட்டினியும், 1977இன் கலவரமும் விருப்பமில்லாதவர்களையும் அந்தக் கோச்சியில் ஏற்றின. தமிழ்நாட்டில் அவர்களுக்காகக் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. அங்கேயும் கொழுந்து பறிப்பதுதான். மற்றவர்கள் ஆலைகளுக்கும், கர்நாடகத்தின் சுள்ளியா இறப்பர்த் தோட்டங்களுக்கும், கடன் வாங்கிப் பெட்டிக்கடை வைக்கவும் போனார்கள்.

1983க்குப் பிறகு சமாதானத் தூதர் வேடம் இந்தியாவுக்கு மாறியது; இம்முறை இலங்கையின் உள்நாட்டுப் போருக்கு. 1985இல் திம்புவில் தமிழ்த் தரப்பு வைத்த நான்கு அடிப்படைகளில் கடைசியானது, தீவைத் தாயகமாகக் கொண்ட எல்லாத் தமிழருக்கும் பிரஜாவுரிமை என்பது. ஆனால் மலையகம் வேறு வழியும் வைத்திருந்தது. தொண்டமானின் தொழிற்சங்கம் அறிவித்த பிரார்த்தனைப் போராட்டத்தின் அழுத்தத்தில் 1986 சட்டம், இந்தியாவுக்கு விண்ணப்பிக்காமல் விடுபட்டிருந்த 94,000 பேரை ஏற்றது. 1988 சட்டம் அந்த வேலையை விரைவுபடுத்தியது. அந்த டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தலில் பிரேமதாசவை எதிர்த்து நின்றவர் சிறிமாவோ. நுவரெலியா மாவட்டம் பிரேமதாசவுக்கே பெருவாரியாகப் போட்டது. நாடுகளுக்கிடையிலான பேரத்தில் கிடைக்காதது, வாக்குச் சீட்டுக்கு விலை வந்தபோது கிடைத்தது என்று நான் படிப்பது இதனால்தான். எல்லாம் வாக்கினால் மட்டும் வந்தது என்றும் சொல்லமாட்டேன். 1984இல் கப்பல் நின்றுபோனதால், இந்தியா கொண்டுபோயிருக்க வேண்டியவர்கள் கொழுந்துக் காட்டிலேயே தங்கிவிட்டார்கள் என்ற எளிய உண்மையும் உண்டு.

போர்நிறுத்தக் காலத்தில், 2003 ஒக்டோபரில், நாடாளுமன்றம் இறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி தகுதி பெறுபவர் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்தவர், அல்லது அவருடைய வழிவந்தவர். ஒப்பந்தம் கையெழுத்தான நாளையே, அந்த ஒப்பந்தம் வெளியே அனுப்ப நினைத்தவர்களை உள்ளே சேர்க்கும் அளவுகோலாக்கினார்கள். போருக்குத் தப்பித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு ஓடிய மலையகத் தமிழர் இந்தக் கணக்கிலும் முதலில் வரவில்லை. 2009இல் திருத்தம் வந்த பிறகுதான் கதவு திறந்தது. அவர்களில் பலர் இலங்கை வேண்டாம், 1964இல் எங்களை ஏற்பதாகச் சொன்ன இந்தியாவே குடியுரிமை தரட்டும் என்கிறார்கள். 2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர்களுடைய விண்ணப்பங்களைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு வந்த இந்தியக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், பங்களாதேஷ், ஆப்கானிஸ்தான் என்ற மூன்று அயல்நாடுகளைப் பெயர் சொல்லியது. இலங்கை அதில் இல்லை.