தம்முல இருந்து வேப்புக்கு மாறினா தவிப்பு போயிடுமா? ஒரு 400 வருஷக் கதை

மக்களே, கொஞ்சம் நீளமான இழை. டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க. தம் மட்டும் வேணாம்.

போன மாசம் செஞ்சியில என் ஓபிக்கு ஒரு அப்பாவும் மகனும் வந்தாங்க. (அடையாளம் தெரியக்கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) அப்பாவுக்கு 58 வயசு, முப்பது வருஷமா பீடி. இப்போ ஓபி சீட்டு வாங்குற இடத்துல இருந்து என் ரூம் வரைக்கும் நடந்தாலே மூச்சு வாங்குது. இதே மனுஷன் சின்ன வயசுல ராஜகிரி கோட்டை மேல ஒரே மூச்சுல ஏறினவராம். அவருக்கு நெபுலைசர் வெச்சுட்டு மருந்து எழுதிட்டு இருந்தேன். மகனுக்கு 26, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில வசூல் வேலை. அப்பா காதுல விழாத மாதிரி கிட்ட வந்து பேசினான்.

"சார், அப்பாவைப் பாத்து பயந்துதான் சிகரெட்ட விட்டேன். ஒரு நாளைக்கு பத்து அடிச்சிட்டிருந்தேன். இப்போ இதுதான்"னு பேனா மாதிரி ஒண்ணை பாக்கெட்ல இருந்து எடுத்துக் காட்டினான். சென்னையில ஃப்ரெண்டு வாங்கிக் கொடுத்ததாம்.

"சிகரெட்டையாவது எண்ணி அடிப்பேன் சார். இது நடு ராத்திரி முழிப்பு வந்தாக்கூட கை தேடுது. டீ குடிச்சா மட்டும் பழையபடி சிகரெட்டும் கேக்குது. மாறினா தவிப்பு குறையும்னாங்களே, எனக்கு ஏன் சார் கூடிருச்சு?"

ஓபியில ஒரு ஆளுக்குக் கிடைக்கிற ரெண்டு நிமிஷத்துல இதுக்கு பதில் சொல்ல முடியாது. அவன்கிட்ட அப்புறம் உக்காந்து பேசினதைத்தான் இங்க விரிவா எழுதறேன். ஏன்னா "இதுக்கு மாறிட்டா பாதிப்பு இல்ல, தவிப்பும் அடங்கிடும்"ங்கற பேச்சு வேப் வந்தப்புறம் பொறந்தது இல்ல. புகையிலை இந்தியாவுக்கு வந்த நாள்ல இருந்து இருக்கு.

1604 வாக்குல அக்பரோட தூதரா பீஜப்பூருக்குப் போயிட்டு வந்த அசத் பேக்ங்கறவர், அங்க பாத்த புதுச் சரக்கை நகை பதிச்ச குழாயோட அக்பர் முன்னாடி கொண்டுவந்து வெக்கறார். அதே பீஜப்பூர்தான் 1640-கள் கடைசியில நாயக்கர்கள்கிட்ட இருந்து நம்ம செஞ்சிக் கோட்டையைப் பிடிச்சது. அக்பர் கொஞ்சம் இழுத்துப் பாக்கறார். அரண்மனை ஹக்கீம் தடுக்கறார்: நம்ம மருத்துவ நூல் எதுலயும் இதைப் பத்தி இல்ல, சோதிச்சுப் பாக்காத பொருள், வேணாம்னு. அசத் பேக் விடல, ஐரோப்பாக்காரங்க எல்லாம் பயன்படுத்தறாங்களேன்னு வாதம் பண்றார். அக்பர் அதைப் பழக்கமா வெச்சுக்கல. ஆனா பிரபுக்கள் பிடிச்சுக்கிட்டாங்க. 400 வருஷம் கழிச்சுப் படிச்சாலும் எனக்கு அந்த ஹக்கீம் மேல தனிப் பாசம். தோத்துப் போன கேஸ்ல சரியாச் சொன்ன டாக்டர்.

அடுத்து ஜஹாங்கீர். 1617-ல புகையிலை கெடுதல்னு சொல்லித் தடை போடறார். பாரசீகத்துல ஷா அப்பாஸும் தடை போட்டிருந்தார். இங்கதான் நம்ம கதைக்கு வேண்டிய ஆள் வர்றார். ஜஹாங்கீர் பாரசீகத்துக்கு அனுப்பின தூதர் கான் ஆலம். அவரால ஒரு நொடி கூட புகை இல்லாம இருக்க முடியல. விஷயம் ஷா அப்பாஸ் காதுக்குப் போக, அவர் சிரிச்சுக்கிட்டே கவிதையில பதில் எழுதி அனுமதி கொடுக்கறார். ஜஹாங்கீரே தன் நினைவுக் குறிப்புல எழுதி வெச்ச சம்பவம் இது. ரெண்டு பேரரசர்கள் போட்ட தடையை ஒரு மனுஷனோட தவிப்பு வளைச்சிருக்கு. இன்னிக்கு சட்டத்தை மட்டும் நம்பி இருக்கறவங்க கான் ஆலமை ஞாபகம் வெச்சுக்கணும்.

புகையை தண்ணி வழியா விட்டா சுத்தமாயிடும்னு ஹுக்காவைக் கண்டுபிடிச்சது அக்பரோட மருத்துவர் அபுல் ஃபத் கீலானின்னு ஒரு கதை உலாவுது. அவர் 1589-லேயே இறந்துட்டார். அசத் பேக் புகையிலை கொண்டு வந்தது அதுக்கு 15 வருஷம் கழிச்சு. அதனால கதை இடிக்குது. யார் ஆரம்பிச்சிருந்தாலும் சரி, தண்ணி புகையைக் குளிர வெக்கும், அவ்வளவுதான். விஷத்தை வடிகட்டாது. தொண்டை எரியாததால இன்னும் ஆழமா இழுக்கலாம். இந்தக் கடைசி வரியை மனசுல வெச்சுக்கோங்க, திரும்பத் திரும்ப வரும்.

தமிழ்நாட்டுல? சீனிச்சர்க்கரைப் புலவர் 'புகையிலை விடு தூது'ன்னு ஒரு நூலே பாடியிருக்கார். பழனி முருகன்கிட்ட புகையிலையைத் தூது அனுப்பறார்! அதுல பேருக்கு ஒரு வேடிக்கையான காரணம் வரும். மும்மூர்த்திகள் கிட்ட இருந்த மூணு இலையில மத்த ரெண்டும் போயிடுச்சு, பிரம்மா கிட்ட இருந்தது மட்டும் போகல, அதனால 'போகையிலை'. புலவர் புகழ்ந்துதான் பாடினார். டாக்டரா படிக்கறப்ப எனக்கு அது நோய்க்குறிப்பு மாதிரி இருக்கு. போகாத இலை.

நம்ம ஆளுங்க அதை ரெண்டு விதமா எடுத்துக்கிட்டாங்க. ஒண்ணு சுருட்டு. ஆங்கிலத்துல 'செரூட்'ங்கற வார்த்தையே நம்ம சுருட்டுதான். திருச்சி சுருட்டு லண்டன் வரைக்கும் போய், 1887-ல வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில துப்பாவே வருது. இன்னொண்ணு வெத்தலை பாக்கு சுண்ணாம்போட மெல்றது. இங்க கொஞ்சம் கெமிஸ்ட்ரி சொல்லணும். மகனோட கேள்விக்கு விடை இதுலதான் இருக்கு.

காரத்தன்மை இருந்தா நிகோடின் வாய்த்தோல் வழியாவே ரத்தத்துல ஏறும். சுண்ணாம்பு அந்த வேலையைப் பண்ணுது. சுருட்டுப் புகைக்கும் காரத்தன்மை உண்டு, அதனால வாயில வெச்சிருந்தாலே போதும், நுரையீரலுக்கு இழுத்தா கரிக்கும். சிகரெட் புகையிலையை சூட்டுல பதப்படுத்தற முறையில அதோட புகை லேசான அமிலத்தன்மைக்கு வந்துடுது. தொண்டையை உறுத்தாது. தாராளமா நுரையீரலுக்கு இழுக்கலாம். அங்க இருந்து 10-20 விநாடியில நிகோடின் மூளைக்குப் போயிடும். ஊசி போட்டா கூட இவ்வளவு சீக்கிரம் போறது கஷ்டம்.

ஒரு பொருள் எவ்வளவு வேகமா மூளைக்குப் போகுதோ அவ்வளவு இறுக்கமா பழக்கம் பிடிக்கும். அதோட, நிகோடின் சுமார் 2 மணி நேரத்துல ரத்தத்துல பாதியாக் குறைஞ்சுடும். குறையக் குறைய மூளை அடுத்ததைக் கேக்கும். தவிப்புன்னு நாம சொல்றது பெரும்பாலும் இந்தக் கடிகாரம்தான். மன உறுதி இல்லாதவன்னு திட்டறதுல பிரயோஜனம் இல்ல.

1950-கள்ல சிகரெட்டால நுரையீரல் புற்றுநோய் வருதுன்னு ஆய்வுகள் வந்ததும் கம்பெனிகள் ஃபில்டரைக் கொண்டு வந்தாங்க. அமெரிக்காவுல 'கென்ட்'ங்கற பிராண்டு பெருமையா விளம்பரம் பண்ணின ஃபில்டருக்குள்ள 1952-ல இருந்து 1956 வரைக்கும் இருந்தது ஆஸ்பெஸ்டாஸ். ஆமா, அதுவே புற்றுநோய் தர்ற சரக்கு. அப்புறம் 'லைட்' சிகரெட். ஃபில்டர்ல பொடி ஓட்டை போட்டு காத்தைக் கலந்தாங்க. மெஷின்ல வெச்சு அளந்தா தார் குறைவு. மனுஷன் மெஷின் இல்லையே! நிகோடின் பத்தலன்னா இன்னும் ஆழமா இழுப்பான், விரலாலயே ஓட்டையை மூடிப்பான், எண்ணிக்கையைக் கூட்டுவான். லண்டன்ல மைக்கேல் ரஸ்ஸல்ங்கற மனநல மருத்துவர் 1970-கள்லயே இதைத் தெளிவாச் சொன்னார்: ஆளுங்க புகைக்கறது நிகோடினுக்காக, சாகறது தாரால.

ரஸ்ஸல் சொன்னதுல இருந்து ரெண்டு பாதை பிரியுது. ரெண்டுக்குமே ஒவ்வொரு ஆளோட சொந்தக் கதை இருக்கு.

முதல் பாதை ஸ்வீடன். 1967-ல ஓவ் ஃபெர்னோங்கற வேதியியலாளருக்கு ஒரு நண்பர்கிட்ட இருந்து கடிதம் வருது. நீர்மூழ்கிக் கப்பல்ல தம் அடிக்க முடியாது, அதனால மாலுமிகள் வாய்ப் புகையிலைக்கு மாறிடறாங்க, தவிப்பும் அடங்குதுன்னு. ஃபெர்னோவே பெரிய தம் பார்ட்டி. அப்போ நிகோடினை மட்டும் தனியா வாய் வழியாக் கொடுத்தா என்னன்னு யோசிச்சு சூயிங்கம் பண்றார். முதல்ல சரியா உறிஞ்சல. கம்முக்குள்ள காரத்தன்மை தர்ற உப்பைச் சேர்த்தப்புறம்தான் வேலை செஞ்சது. நம்ம பாட்டிங்க சுண்ணாம்பு தடவின அதே கெமிஸ்ட்ரி! (உடனே வெத்தலை புகையிலைக்குப் போயிடாதீங்க. பாக்கும் புகையிலையும் சேர்ந்தா வாய்ப் புற்றுநோய். மாசத்துக்கு ஒருத்தரையாவது பாக்கறேன்.) 1978-ல சுவிட்சர்லாந்துல அனுமதி, 1984-ல அமெரிக்காவுல. இந்த 400 வருஷத்துல நிகோடினை வேணும்னே மெதுவாக்கின கருவி இதுவும் பின்னாடி வந்த பேட்ச்சும்தான்.

ரெண்டாவது பாதை சீனா. ஹான் லிக் ஒரு மருந்தாளுநர். அப்பா பெரிய புகைப்பிடிப்பாளர், நுரையீரல் புற்றுநோயில இறந்துட்டார். ஹான் லிக்கும் அப்படியே அடிச்சவர்தான். பேட்ச் ஒட்டிப் பாத்தார், திருப்தி இல்ல. 2003-ல எலக்ட்ரானிக் சிகரெட்டை உருவாக்கினார். அவரே சிகரெட்டை முழுசா விடலன்னும், ரெண்டையும் பயன்படுத்தறேன்னும் பேட்டியில சொல்லியிருக்கார். ஓபியில அந்தப் பையன் பேசினப்போ எனக்கு ஞாபகம் வந்தது இவர்தான். 2013-ல அந்த காப்புரிமையை ஒரு சிகரெட் கம்பெனியே 7.5 கோடி டாலருக்கு வாங்கிடுச்சு.

ஆரம்ப கால வேப் தொண்டையைக் கரிச்சது. 2015-ல 'ஜூல்' வந்து பென்சாயிக் அமிலத்தைச் சேர்த்து நிகோடினை உப்பாக்கிடுச்சு. கரிப்பு போச்சு. ஒரு மில்லிக்கு 59 மில்லிகிராம் நிகோடின் இருந்தாலும் நைசா உள்ள போகும். தண்ணி குளிர வெச்ச மாதிரி, சிகரெட் பதம் பண்ணின மாதிரி. அதே கதைதான்.

இப்போ நேர்மையா ஒரு விஷயம். வேப்புக்கு ஆதரவாவும் நல்ல சான்று இருக்கு. 2019-ல இங்கிலாந்துல 886 பேர்கிட்ட பண்ணின ஆய்வுல, ஒரு வருஷம் கழிச்சு சிகரெட் இல்லாம இருந்தவங்க வேப் குழுவுல 18 சதவீதம், கம்-பேட்ச் குழுவுல 9.9 சதவீதம். கிட்டத்தட்ட இரட்டிப்பு. இதை மறைச்சுட்டு உங்ககிட்ட பேசினா நான் டாக்டர் இல்ல. ஆனா அதே ஆய்வுல இன்னொரு கணக்கு: சிகரெட்ட விட்டவங்கள்ல வேப் குழுவுல 80 சதவீதம் பேர் ஒரு வருஷம் கழிச்சும் வேப் இழுத்துக்கிட்டுதான் இருந்தாங்க. கம்-பேட்ச் குழுவுல அதைத் தொடர்ந்தவங்க 9 சதவீதம். தார் போச்சு, தவிப்பு போகல.

அதோட, அவங்களுக்கு வாராவாரம் ஆலோசனை இருந்தது. கடையில விக்கிற திரவத்துல நிகோடின் மில்லிக்கு 20 மில்லிகிராம் தாண்டக்கூடாதுன்னு சட்டமும் இருந்தது. நம்ம பையனுக்கு என்ன இருக்கு? தமிழ்நாடு 2018-லயே தடை போட்டாச்சு. 2019 செப்டம்பர் 18-ல மத்திய அரசு அவசரச் சட்டம், டிசம்பர்ல முழுச் சட்டம். விக்கறது, இறக்குமதி, விளம்பரம் எல்லாம் குற்றம். முதல் தடவைக்கே 1 வருஷம் வரை சிறை, இல்ல 1 லட்சம் வரை அபராதம், இல்ல ரெண்டும். அதனால அவன் கையில இருக்கறது கள்ளத்தனமா வந்த சரக்கு. உள்ள எவ்வளவு நிகோடின்னு அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அவன்கிட்ட நான் சொன்னது இதுதான். "தம்பி, சிகரெட்டுக்கு ஒரு முடிவு இருக்கு. பத்துப் பதினஞ்சு இழுப்புல விரல் சுடும், தூக்கிப் போட்ருவ. இதுக்கு முடிவே இல்ல. பாக்கெட்ல இருக்கு, நாத்தம் இல்ல, வீட்டுக்குள்ளயே இழுக்கலாம். பத்து சிகரெட்டுக்கு நடுவுல இருந்த இடைவெளியெல்லாம் போச்சு. அதான் ராத்திரி முழிப்பு வந்தாலும் கேக்குது."

"அப்போ திரும்ப சிகரெட்டா சார்?"

இந்தக் கேள்விக்கு பயந்துதான் நான் வேப்பைப் பத்தி கன்னாபின்னான்னு திட்டறதில்ல. திரும்ப சிகரெட் இல்லவே இல்ல. வேகமான நிகோடின்ல இருந்து மெதுவான நிகோடினுக்கு, அங்க இருந்து வெளிய.

நிகோடின் கம் நம்ம ஊர் மெடிக்கல்லயே கிடைக்கும். 2 மில்லிகிராமுக்கு சீட்டு தேவையில்ல, 4 மில்லிகிராமுக்கு வேணும். எழுந்து அரை மணி நேரத்துக்குள்ள முதல் தம் அடிக்கறவங்களுக்கு பெரும்பாலும் 4 தேவைப்படும். பபிள்கம் மாதிரி மெல்லக்கூடாது. காரமா விறுவிறுன்னு வர்ற வரைக்கும் மெதுவா மென்னுட்டு கன்னத்துல ஒதுக்கிடணும். விறுவிறுப்பு போனா மறுபடி மெல்லணும். அரை மணி நேரம். மென்னு மென்னு முழுங்கினா விக்கல்தான் மிச்சம். டீ காபி ஜூஸ் குடிச்ச உடனே போட்டா வேலை செய்யாது, கால் மணி நேரம் தள்ளிப் போடுங்க. "கம் வேஸ்ட் சார்"னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் டீ குடிச்சுட்டே மென்னவங்க. கர்ப்பிணிகள், சமீபத்துல ஹார்ட் அட்டாக் வந்தவங்க டாக்டரைக் கேக்காம எடுக்காதீங்க. மாத்திரைகளும் இருக்கு, அது டாக்டர் பாத்து எழுதணும்.

தவிப்பு அலை மாதிரி வரும். ஒவ்வொரு அலையும் பொதுவா சில நிமிஷம்தான். முதல் வாரம் மோசம், மூணு நாலு வாரத்துல தணியும். நானும் ஹாஸ்டல்ல அடிச்சவன்தான், ரெண்டு தடவை தோத்து மூணாவது தடவை விட்டவன். எனக்கு எமன் நைட் டூட்டி டீ. அந்த டீயை மூணு வாரம் நிறுத்திட்டு மோர் குடிச்சேன். கூட இருந்தவங்க கிண்டல் பண்ணினாங்க, பண்ணட்டும்.

கூட யாராவது பேசினா நல்லா இருக்கும்னு தோணினா 1800-11-2356, இலவசம். சிகரெட் பாக்கெட்லயே போட்டிருக்கும்.

பையனுக்கு இப்போ மூணாவது வாரம். வேப்பைக் கொடுத்துட்டான், கம்முல இருக்கான். போன வாரம் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுல டீயோட ஒரு சிகரெட் அடிச்சுட்டேன்னு போன்ல அழாத குறை. "ஒண்ணுதானே தம்பி, கம்மை நிறுத்திடாத"ன்னேன். அப்பாவும் பீடியை ஆறுல இருந்து ரெண்டுக்குக் கொண்டு வந்திருக்கார், மகன் சொல்லித் தெரிஞ்சது. ரெண்டு பேரையும் வர்ற செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கேன்.