சாய்ந்த கோபுரமும் மொட்டைக் கோபுரமும்

திருச்சி மலைக்கோட்டையின் உச்சியில் நின்று வடக்கே நோக்குவோர், காவிரிக்கு அப்பால் திருவரங்கத்து இராஜகோபுரம் வானளாவி நிற்பதைக் காண்பர். 13 நிலைகள், 236 அடி உயரம். ஆயினும் அது முற்றுப்பெறுவதற்கு முன், அவ்விடத்தில் நெடுங்காலம் நின்றது ‘மொட்டைக் கோபுரம்’ என்று ஊரார் அழைத்த கல் அடித்தளமே என்பதை இன்றைய இளைஞருள் பலர் அறியார்.

கோபுரங்கள் எதற்காக எழுந்தன? பள்ளிவாசலின் மினாரா, பாங்கொலி தொலைவில் உள்ளோர்க்கும் எட்டுவதற்காக உயர்ந்தது. ‘மனாரா’ என்னும் அரபுச் சொல் ஒளி தரும் இடத்தை, கலங்கரை விளக்கத்தைக் குறிப்பது. கோயிற் கோபுரம் ஒரு வாயில். வழிப்போக்கனுக்கு ஊரை அடையாளம் காட்டுவது. இத்தாலியின் பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரமோ, அருகிலுள்ள பேராலயத்தின் மணிக்கூண்டு. 7 மணிகள் அதன் உச்சியில் உள்ளன. அதன் சாய்வை அறிந்த உலகம் அதன் பணியை அறியவில்லை!

பைசா கோபுரத்தின் வேலை 1173-இல் தொடங்கிற்று. மூன்றாம் நிலை எழும்பிய அளவிலேயே அது சாயலாயிற்று. ஆர்னோ ஆற்றுச் சமவெளியின் மென்மையான களிமண்ணில், சுமார் 3 மீட்டர் ஆழமே கொண்ட அடித்தளம், வேறென்ன நேரும்? போர்களினால் வேலை ஏறத்தாழ நூறாண்டு தடைப்பட்டது. அத்தடையே அதனைக் காத்தது. பாரம் தாங்கிய மண் மெல்ல இறுகி வலுப்பெற அவகாசம் கிடைத்தது. இடைவிடாது கட்டியிருப்பின் கோபுரம் அன்றே வீழ்ந்திருக்கும் என்பர் பொறியியலார். 1272-இல் வேலை மீண்டும் தொடங்க, 14-ஆம் நூற்றாண்டில் மணிமாடம் முடிந்தது. 1990-இல் அபாயங் கருதி மூடினர். வடபுறத்து மண்ணைச் சிறிது சிறிதாக அகற்றிச் சாய்வைச் சுமார் 40 செ.மீ. குறைத்து, 2001-இல் திறந்தனர்.

அதே காலத்தில் நூருத்தீன் ஸங்கீ, மோசுல் நகரில் எழுப்பிய பெரும்பள்ளியின் மினாராவும் சாய்ந்தது. மக்கள் அதனை ‘அல்ஹத்பா’, அதாவது கூனுடையது, என்று அன்புடன் அழைத்தனர். எண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் நின்ற அதனை வீழ்த்தியது மண்ணன்று, 2017-இன் போர். மீண்டும் எழுப்பப்பட்டு, 2025-இல் திறக்கப்பட்டது.

திருவரங்கமும் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஆற்றுத்தீவே. விஜயநகர மன்னர் காலத்து அடித்தளம் நானூறாண்டு காத்திருந்தது. அகோபில மடத்து 44-ஆம் ஜீயரின் முயற்சியால், 1987 மார்ச் 25-இல் கோபுரம் நிறைவெய்திக் குடமுழுக்குக் கண்டது.

ஆனால், அதே ஆலயத்தின் கீழவாசல் கோபுரத்தில் ஒரு பகுதி 2023 ஆகஸ்டில் இரவில் இடிந்து விழுந்தது. தெருவில் எவரும் இல்லாமையால் உயிர்ச்சேதம் இல்லை. உயரத்தை வியக்கும் நாம் விரிசலைக் கவனிக்கிறோமா? எழுப்புவதற்கு வாரி வழங்கும் கைகள், காப்பதற்கும் நீளவேண்டும்.